முந்நூறு சதுர அடியும் மனிதர் குணமும்

கிராமத்து வீடுகளை இன்று முறைப்படி படம் எடுப்பவர் யார் என்று கேட்டால், கலைஞரையோ பத்திரிகைக்காரரையோ சொல்ல முடியாது. ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியர் என்பதே பதில். நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லிமலையைப் பார்த்தபடி இருக்கிறது எருமப்பட்டிப் பேரூராட்சி. பவித்திரம், அலங்காநத்தம், பொட்டிரெட்டிப்பட்டி, வரகூர் என்று அதைச் சுற்றியுள்ள ஊர்களில் அண்மைக் காலத்தில் அரசு வீடு கிடைத்த எந்தக் குடும்பமும் இந்தப் படமெடுப்பைத் தாண்டித்தான் வந்திருக்கும். 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில், குடும்பம் அப்போது குடியிருக்கும் பழைய வீட்டை முதலில் படம் எடுக்க வேண்டும். பிறகு கட்டப்போகும் மனை. பிறகு அஸ்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாக. ஒவ்வொரு படத்தோடும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாம் ஏறும். படம் ஏறினால்தான் அடுத்த தவணைப் பணம் இறங்கும்.

அந்தப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒரே ஆள் போலத் தெரிவார்கள். விறைத்த கைகள், சிரிப்பில்லாத முகம், பின்னால் பூச்சுப் பூசாத சுவர். அரசுக்கு வேண்டியது சுவர் எழும்பியதற்கான சாட்சி. உள்ளே வாழப்போகிறவர் சேர்த்துவைப்பவரா வாரி இறைப்பவரா, கலகலப்பானவரா தனிமை விரும்பியா என்பதெல்லாம் அந்தக் கோப்புக்குத் தேவையில்லாத சங்கதி.

தேவைப்படுகிறவர்களும் உண்டு. வீட்டைப் படம் எடுத்தால் வீட்டுக்காரரின் குணத்தைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை புகைப்படக் கலையில் நூறாண்டுக்கு மேல் பழையது. அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். ஒரு வீட்டின் படத்தில் முதலில் தெரிவது வருமானம். அடுத்து, நம் ஊர்களைப் பொறுத்தவரை, சாதி. அடுத்து, எந்த ஆட்சியில் எந்தத் திட்டத்தில் கட்டிய வீடு என்பது. ஆள் தெரிவது கடைசியில்தான். முன்னால் நிற்கும் இந்த மூன்றையும் விலக்கி ஆளைப் பார்க்க வேண்டுமானால், வெவ்வேறு விதமான வீடுகளைத் தேடிப் போவதில் பயனில்லை. அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும் வீடுகளுக்குத்தான் போக வேண்டும். அந்த வகையில் எருமப்பட்டிப் பக்கத்துக் காலனி வீடுகளும் தொகுப்பு வீடுகளும் புகைப்படக்காரருக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பு.

இந்த முடிவுக்கு வரக் காரணமான சில படங்களைச் சொல்கிறேன்.

யூஜீன் அட்ஜே என்ற பாரிஸ் புகைப்படக்காரர் 1910இல் பாரிஸ் நகரத்து வீட்டு உட்புறங்களை 60 படங்கள் கொண்ட ஓர் ஆல்பமாகத் தொகுத்தார். படங்களில் மனிதர்களே இல்லை. கட்டில், அலமாரி, அடுப்பு, கண்ணாடி, சுவரில் ஒட்டிய படங்கள், அவ்வளவுதான். கீழே குறிப்பு மட்டும் இருக்கும்: இன்ன தெருவில் குடியிருக்கும் தொழிலாளியின் அறை, இன்ன தெருவில் ஒரு தொழிலதிபரின் வீடு என்று. பெரும்பாலானவற்றில் பெயர்கூட முழுதாக இருக்காது, முதலெழுத்து மட்டுமே. பார்ப்பவர் குறிப்பைப் படித்துவிட்டு அறைக்குள் அந்த மனிதரைக் கற்பனை செய்துகொள்வார். பிற்கால ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வாவின் தெருவில் வசிக்கும் நாடக நடிகர் ஒருவருடையது என்று போட்டிருந்த வீடு அட்ஜேயின் சொந்த வீடு. அவர் குடியிருந்தது கம்பாஞ் பிரமியேர் தெருவில். இளமையில் நாடக நடிகராக இருந்தவர் என்பதால் குறிப்பை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. அறை பேசுவதாக நாம் நினைத்துக்கொள்வதில் பெரும்பகுதி அறைக்குக் கீழே எழுதிய வரி பேசுவது.

இன்னொன்று அமெரிக்காவிலிருந்து. 1936இல் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரரும் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் அலபாமா மாநிலத்துக் குத்தகை விவசாயிகளின் குடிசைகளில் சில வாரங்கள் தங்கினார்கள். 1941இல் அது புத்தகமாக வந்தது. ஏஜி ஒவ்வொரு அறையிலும் இருந்த பொருள்களை ஊசி நூல் வரைக்கும் பட்டியலிட்டார். எவன்ஸ் படம் எடுத்தார். பல காலம் கழித்துச் சிலர் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கணப்படுப்பு மேடையின் படத்தில் ஓர் அலாரம் கடிகாரம் இருக்கிறது. ஏஜியின் பட்டியலில் அது இல்லை. கடிகாரத்தை அங்கே வைத்தது யார்? எவன்ஸ் பொருள்களை இடம் மாற்றியிருக்கிறார் என்று ஜேம்ஸ் கர்ட்டிஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸ் 2009இல் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரைத் தொடரே எழுதினார். பதில் இன்னும் உறுதியாகவில்லை. ஒரு கடிகாரத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். ஏழை வீட்டுப் படத்தில் இருக்கும் பொருள்களே ஐந்தாறு. அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி உலகம் நினைப்பது மாறிவிடும்.

வருமானத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்குச் சான்று சுவீடனில் இருக்கிறது. கேப்மைண்டர் அமைப்பைச் சேர்ந்த அன்னா ரோஸ்லிங் ரோன்லுண்ட் 2016இல் 'டாலர் ஸ்ட்ரீட்' என்ற இணையத் திரட்டை வெளியிட்டார். பல நாடுகளுக்குப் புகைப்படக்காரர்களை அனுப்பி, எல்லா வீட்டிலும் ஒரே பொருள்களைப் படம் எடுக்கச் சொன்னார்: படுக்கை, அடுப்பு, பல் துலக்கும் பொருள், கழிப்பறை, செருப்பு. பிறகு அந்த வீடுகளை நாடு பார்க்காமல், மாத வருமானத்தை மட்டும் பார்த்து, ஒரே தெருவில் வரிசையாக இருப்பதுபோல அடுக்கினார். ஒரே வருமானமுள்ள குடும்பங்களின் அடுப்பும் படுக்கையும் கண்டம் தாண்டி ஒன்றுபோல இருந்தன. தேசப் பண்பாடு என்றும் தனிப்பட்ட ருசி என்றும் நாம் நினைத்தவற்றில் பலவும் பணப்பையின் கனம்தான்.

இதை நாமக்கல் பக்கம் பொருத்திப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பழைய பண்ணைக்காரர்களின் தொட்டிக்கட்டு வீட்டில் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி ஆசாரம், தேக்குத் தூண். கிணற்றடித் தோட்டத்தில் சாளை. ஊருக்குள் சீமை ஓடு வேய்ந்த வீடு. லாரி ஓடி, கோழிப்பண்ணை நிமிர்ந்து, போர்வெல் வண்டி வடக்கே போய்ச் சம்பாதித்துக் கட்டிய புது மாடி வீடுகளில் கிரானைட் படி, எவர்சில்வர் கைப்பிடி, இரண்டு மூன்று நிறத்தில் முகப்பு. இந்த முகப்பை எல்லாரும் 'எலிவேஷன்' என்கிறார்கள். எலிவேஷனைப் பார்த்து வீட்டுக்காரரின் குணத்தைப் படிக்க முயல்கிறவர் ஏமாறுவார். அது இன்ஜினியரின் கைப்பேசியில் இருந்த நாற்பது படங்களில் ஒன்று. சில சமயம் பக்கத்து வீட்டின் எலிவேஷனைவிட ஒரு வளைவு கூடுதல் என்பது மட்டுமே சொந்த யோசனை.

அறையைப் பார்த்துக் குணத்தை அளக்க முடியுமா என்று உளவியல் தரப்பில் நடந்த ஆய்வுகளில் பெயர் பெற்றது சாம் கோஸ்லிங்கும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்டது. 94 அலுவலக இடங்களையும் 83 படுக்கையறைகளையும், உரியவர்களைச் சந்தித்தே இராத பார்வையாளர்களைக் கொண்டு நோட்டம் பார்க்கச் சொன்னார்கள். அறையை மட்டும் பார்த்து அந்த ஆளைப் பற்றி மதிப்பெண் போட வேண்டும். புதியவற்றை நாடும் மனம் உள்ளவரா என்பதை அவர்கள் ஓரளவு நன்றாகவே கணித்தார்கள். ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவரா என்பதையும் படுக்கையறையிலிருந்து ஊகிக்க முடிந்தது. அன்பானவரா, கோபக்காரரா என்பதெல்லாம் அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. இதில் ஒரு பாகுபாடு நமக்குப் பயன்படும்: ஒரு அறையில் சில பொருள்கள் காட்டுவதற்காக வைத்தவை, சில பொருள்கள் வாழ்ந்ததில் மிஞ்சியவை. முதல் வகை ஆள் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புவது. இரண்டாம் வகை ஆள் சொல்லாமலே வெளிப்படுவது.

ஆனால் இந்த ஆய்வின் அடிப்படையே தனியறை. அமெரிக்க மாணவருக்குப் படுக்கையறை உண்டு. அலுவலருக்கு மேசை உண்டு. ஐந்து பேர் 300 சதுர அடியில் இருக்கும் வீட்டில் யாருடைய அறை என்ற கேள்வியே எழாது. அங்கே ஒருவருக்குச் சொந்தமானது ஓர் ஆணி. ஒரு டிரங்குப் பெட்டி. பீரோவில் ஒரு தட்டு. கொடிக்கயிற்றில் ஒரு முழம். ஆகவே ஆள் அறையில் இருப்பதில்லை, ஒரு மூலையில் இருக்கிறார். படம் எடுப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. அகன்ற லென்ஸை மாட்டி முழு வீட்டையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கினால் நெருக்கடி மட்டும்தான் பதியும், நெருக்கடிக்குள் ஒவ்வொருவரும் பிடித்து வைத்திருக்கும் சாண் இடம் பதியாது.

ஒரே மாதிரி வீடுகளை எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ருமேனியாவின் போக்தான் கிர்போவான், புக்கரெஸ்ட் நகரில் தான் குடியிருந்த பத்து மாடிக் கட்டடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்த பத்து ஒற்றையறை வீடுகளை, கேமராவை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் வைத்துப் படம் எடுத்தார். ஜன்னல் ஒரே இடம், கதவு ஒரே இடம், சதுர அடி ஒன்று. கம்யூனிச ஆட்சி மனிதர்களைச் சமமாக்கக் கட்டிய கட்டடம் அது. பத்துப் படங்களும் பத்து விதம். ஹாங்காங்கில் மைக்கேல் உல்ஃப் 2006இல் ஷெக் கிப் மே குடியிருப்பில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 சதுர அடி உள்ள 100 அறைகளைப் படம் எடுத்தார். 1953 கிறிஸ்துமஸ் அன்று குடிசைகள் தீப்பற்றி எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வீடிழந்த பிறகு எழுந்த அரசுக் குடியிருப்பு அது. உல்ஃப் போனது அதை இடிப்பதற்குச் சற்று முன்பு. நூறு படங்களையும் பார்க்கும்போது வறுமை என்ற பொதுப் பெயர் மெல்ல உதிர்கிறது. சிங்கப்பூரின் அரசு அடுக்ககங்களையும் இதே ஆவலோடு படம் எடுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும் ஒரே கட்டடத்தில் கலந்திருக்க வேண்டும் என்று 1989 முதல் விதி இருக்கும் ஊர் அது.

இனி நம் காலனிக்கு வருவோம்.

இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியது. 2010இல் குடிசைகளை மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் சூரிய ஒளி விளக்கோடு கூடிய பசுமை வீடு: 300 சதுர அடி, ஆண்டுக்கு 60,000 வீடு, வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். பிரதமர் பெயரிலான திட்டத்தில் குறைந்தது 25 சதுர மீட்டர், மத்தியத் தொகை சமவெளியில் 1.20 லட்சம், அதற்கு மேல் கூரைக்கு மாநில அரசு சேர்த்துத் தரும். 2024இல் கலைஞர் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.50 லட்சம். அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத எதை வேண்டுமானாலும் பயனாளி விருப்பம்போலப் போட்டுக்கொள்ளலாம். ஒரு அரசாணை குடும்பத்தின் விருப்பம் என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டு அதற்கு 60 சதுர அடி ஒதுக்கியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வாளர் எவரும் தன் வேலையை அந்த 60 சதுர அடியிலிருந்து தொடங்கலாம். ஒரு வீட்டில் அது திண்ணையாகும், ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டில், ஒரு வீட்டில் தையல் மிசின் போடும் இடம், ஒரு வீட்டில் கடை.

இந்தத் திட்டங்களில் பட்டியலின, பழங்குடிக் குடும்பங்களுக்கு 60 விழுக்காடு ஒதுக்கீடு மத்தியத் திட்டத்தின் விதி. எனவே ஒரே அச்சு வீடுகளில் அதிகம் வாழ்பவர்கள் யார் என்பதில் ரகசியம் இல்லை. ஊருக்குள் இருக்கும் வீடுகளை 'கவுண்டர் வீடு', 'செட்டியார் வீடு', 'வாத்தியார் வீடு' என்று ஆளைச் சொல்லிக் குறிப்பிடும் வாய், அங்கே மட்டும் 'காலனி' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர்கிறது. தனித்தனி ஆட்கள் அங்கே இருப்பதாகவே பேச்சில் வருவதில்லை. அந்த வீடுகளின் உட்புறத்தை வரிசையாக, ஒரே கோணத்தில் எடுக்கும் படத் தொகுப்பு இந்தப் பேச்சுக்குச் சரியான பதிலாக இருக்கும்.

அப்படி எடுக்கப் போகிறவர் எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் இலவசப் பொருள்கள். 2006க்குப் பிறகு வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும், 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரே மாதிரி வந்து சேர்ந்தவை. அவை ஒவ்வொரு வீட்டிலும் என்ன ஆயின என்பதில் குணம் இருக்கிறது. ஒரு வீட்டில் மிக்சி இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காமல் பரணில் இருக்கும், மகள் கல்யாணச் சீருக்கு என்று. இன்னொரு வீட்டில் வந்த அன்றே விற்றாகிவிட்டது. வேறொரு வீட்டில் பழுதாகி, பழுதான பிறகும் துணி போர்த்தி, பொட்டு வைத்து, அதே இடத்தில் நிற்கும். கோஸ்லிங் சொன்ன பாகுபாட்டுக்கு இதைவிட நல்ல களம் அமெரிக்காவில் கிடைத்திருக்காது. வாங்கும் சக்தி என்ற வேறுபாடே இங்கே இல்லை; பொருள் ஒன்று, விலை பூஜ்யம், மிச்சமிருப்பது மனம்.

அடுத்து பாத்திரம். எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கத்தை நம் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் குறை. அடுக்குச் சட்டி, தூக்குப்போசி, சொம்பு, தாம்பாளம் எதை எடுத்தாலும் யார் யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி, எந்தச் சடங்கு என்று பொடி எழுத்தில் இருக்கும். காதுகுத்து, திரட்டி, கல்யாணம், புதுமனை புகுவிழா என்று ஒரு குடும்பத்தின் மொய்க்கணக்கு முழுவதும் சமையலறை அலமாரியில் அடுக்கியிருக்கிறது. அதை அடுக்கும் விதம் பெண்ணுக்குப் பெண் மாறும். தாய் வீட்டுப் பெயர் வெட்டியதை முன்வரிசையில் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பவர் உண்டு. புழங்கித் தேய்ந்துவிடும் என்று துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பவரும் உண்டு. இருவரும் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக இருக்கவும் கூடும்.

இங்கேதான் அடுத்த சிக்கல். வீட்டின் குணம் என்று சொல்கிறோமே, யாருடைய குணம்? பட்டா அப்பன் பெயரில் இருக்கலாம், அரசு வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கலாம், சுவரில் ஒட்டிய நடிகர் படம் பையனுடையது, சாமி படங்களின் வரிசை பாட்டி வகுத்தது, ஷோகேஸில் இருக்கும் கோப்பை மகள் பள்ளியில் வாங்கியது. வெளிநாட்டுப் படத் தொகுப்புகள் சிலவற்றில் ஒருவர் ஒரு அறை என்று இருப்பதால் இந்தக் கேள்வி எழுவதில்லை. நம் வீட்டில் குணம் என்பது ஒரு பேரம். எந்தப் படம் நிலைப்படிக்கு மேல் ஏறும், எது கதவுக்குப் பின்னால் போகும் என்பதில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியும். ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு படம் போதாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் 'இந்த வீட்டில் உங்களுடையது எது?' என்று கேட்டு, அவர் விரல் காட்டும் இடத்தை எடுக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தையையும் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஆறு மாதமான மருமகளின் விரல் எங்கே போகிறது, அல்லது போகத் தயங்குகிறது என்பது ஒரு முழு அத்தியாயத்துக்குச் சமம்.

தமிழர்கள் தம் வீட்டுக்குள் கேமராவை விட்ட பழக்கம் மிகப் பிந்தியது. அதற்கு முன் ஸ்டூடியோ இருந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லியும் குழுவினரும் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு எண்ணிமமாக்கினார்கள். பழைய ஸ்டூடியோப் படங்களில் அடிக்கடி காண்பது, பின்னால் வரைந்து தொங்கவிட்ட திரை: தூண்கள், மாடிப்படி, பால்கனி, பூந்தோட்டம். குடிசையில் வாழ்பவரும் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திரைக்கு முன்னால் ஒரு மாளிகைக்குச் சொந்தக்காரராகலாம். மத்தியப் பிரதேசத்தின் நாக்தா ஊரை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி, தமது 1997 நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இருக்கிற ஆளைப் பதிவு செய்வதைவிட, ஆக விரும்பும் ஆளை உண்டாக்குவதே அங்கே கேமராவின் வேலை. இந்த மரபில் வந்தவர்களிடம் போய், 'அப்படியே இருங்கள், எதையும் ஒதுங்க வைக்காதீர்கள், இயல்பாக எடுக்கிறேன்' என்றால் அவர்களுக்கு அது அவமதிப்பாகத் தோன்றும். தோன்ற வேண்டியதும்தான். படம் எடுக்க ஆள் வருகிறார் என்றதும் வீட்டைக் கூட்டி, கொடித்துணியை எடுத்து, புதுப் பாயை விரிப்பார்கள். அதைத் தடுக்கக் கூடாது. எதை மறைத்தார்கள், எதை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

இந்தியாவில் வீட்டைப் படம் எடுத்தவர்களில் தயானிதா சிங்கை முதலில் சொல்ல வேண்டும். பத்திரிகைகளுக்காக ஏழ்மையையும் துயரத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், தொண்ணூறுகளில் அதை விட்டுத் தன்னைப் போன்ற வசதியான குடும்பங்களின் வரவேற்பறைகளுக்குப் போனார். 'பிரைவசி' என்ற தொகுப்பு அதன் பலன். குடும்பங்கள் தாங்கள் விரும்பியபடி உட்கார்ந்திருக்கும் படங்களோடு, யாருமில்லாத அறைகளின் படங்களும் அதில் உண்டு. அந்தக் காலி அறைகள் ஆட்களைவிட அதிகம் பேசும். ஆனால் அதே உத்தியைக் கொண்டு செட்டிநாட்டு மாளிகைகளை எடுத்த நம் பளபளப்புத் தாள் புத்தகங்கள் எனக்கு ஒட்டவில்லை. அங்கே அறை காலியாக இருப்பதற்குக் காரணம் கலை இல்லை. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் தெரிகின்றன, ஒருவரின் செருப்புகூடத் தெரிவதில்லை.

தமிழ்நாட்டில் என்னைக் கவர்ந்த எதிர்முனை மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன். பல ஊர்களில் படம் எடுத்துத் திரிந்தவர், 2020 ஊரடங்கில் சொந்த வீட்டில் அடைபட்டபோது தன் குடும்பத்தையே எடுக்கத் தொடங்கினார். தலித் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய பாட்டியின் வழியில் வந்த குடும்பம் அது. வெளியாள் போனால் காலனி வீடு என்று ஒற்றை வரியில் முடிந்திருக்கும் இடம், உள்ளிருப்பவர் எடுத்ததால் பாட்டி, சகோதரர், பிள்ளைகள், விலங்குகள் என்று ஆள் ஆளாகப் பிரிகிறது. கேமரா யார் கையில் இருக்கிறது என்பது லென்ஸைவிட முக்கியம்.

வீடே இல்லாமற்போனால் என்ன செய்வது? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' நூல் அதற்கு ஒரு விடை. போரில் இடம்பெயர்ந்தவர்களை, விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் வரைந்ததும், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்ததும், சனாதனனின் ஓவியமும் அருகருகே இருக்கின்றன. ஒரு வீட்டில் எது நினைவில் தங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. எருமப்பட்டிப் பக்கத்தில் போர் இல்லை. ஆனால் பழைய ஓட்டு வீட்டை இடித்துத்தான் அதே மனையில் தார்சு வீடு எழும்புகிறது. இடித்த வீட்டுக்கு மிஞ்சுவது ஓவர்சியரின் முதல் படம் ஒன்றே. அதுவும் அரசின் சர்வரில் இருக்கிறது, குடும்பத்திடம் இல்லை.

தொழில்நுட்பத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஓட்டு வீட்டுக்குள் வெளிச்சம் வருவது வாசல் வழியாகவும், கூரையில் பதித்த ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு வழியாகவும். ஃபிளாஷ் அடித்தால் அந்த வீட்டில் வாழ்பவர் ஒருநாளும் பார்த்திராத ஒரு வீடு படத்தில் வரும். முக்காலி போட்டு, அறையின் வெளிச்சத்திலேயே, நிதானமாக எடுக்க வேண்டும். கேமராவின் உயரம் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம். நின்றபடி எடுத்தால் தரையில் வாழும் வீடு கீழே போய்விடும். ஒரே கோணம், ஒரே உயரம், ஒரே லென்ஸ் என்பதில் எந்த வீட்டுக்கும் சலுகை கூடாது. பண்ணைக்காரர் வீட்டைக் கீழிருந்து கம்பீரமாகவும் காலனி வீட்டை மேலிருந்து பரிதாபமாகவும் எடுத்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

சாமி அறைக்கும் சமையலறைக்கும் போக எல்லார் வீட்டிலும் எல்லாருக்கும் அனுமதி கிடைக்காது. யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வுக்குறிப்பில் எழுத வேண்டும். படம் எடுப்பவரின் சாதியைக் கேட்டுவிட்டுத் திண்ணையோடு நிறுத்திய வீட்டில், திண்ணையின் படமே அந்த வீட்டின் குணத்தைச் சொல்லும். சம்மதம் குடும்பத் தலைவரிடம் வாங்கினால் போதாது. பெட்டிக்குச் சொந்தக்காரரிடம் வாங்க வேண்டும். இடக்குறியீட்டோடு படத்தை இணையத்தில் ஏற்றுவது திருடருக்கு வழி சொல்வது. பீரோவும் பூட்டும் தெரியும் படங்களை வெளியிடும் முன் இரண்டு முறை யோசிக்கலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாமக்கல், இராசிபுரம், சேந்தமங்கலம், எருமப்பட்டிப் பக்கத்தில் உங்கள் வீட்டையோ சொந்தக்காரர் வீட்டையோ இடித்துக் கட்டப் போகிறீர்கள் என்றால், கடப்பாரை விழும் முன் ஒரு பகல் ஒதுக்குங்கள். கைப்பேசி போதும். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னுடையது என்று காட்டும் இடத்தை எடுங்கள். யாருடையது, எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். குடிபுகுந்து ஓராண்டு கழித்துப் புது வீட்டிலும் அதே போல எடுங்கள். இரண்டையும் தாளில் அச்சிட்டு ஒரு பிரதியை வீட்டிலேயே விடுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் தமிழ்த் துறைக்கோ வரலாற்றுத் துறைக்கோ, வீட்டார் அனைவரும் சம்மதித்தால், இன்னொரு பிரதியைக் கொடுங்கள்.